சுமை தூக்கும் கலைக்குத் தில்லைநாதன் அண்ணை ஆற்றிய தொண்டு

மனித குலம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாள் முதல் அதற்கு இருந்துவரும் ஒரே பெரிய தொல்லை முதுகு. அந்தத் தொல்லைக்கு நிரந்தரத் தீர்வு ஒன்று சுவிற்சர்லாந்தின் டீட்டிகோன் நகரில், எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், 1988ஆம் ஆண்டு கோடையில் கண்டுபிடிக்கப்பட்டது. உலகம் இதை இன்னும் அறியவில்லை. அறியத் தருவது என் கடமை. கண்டுபிடித்தவர் அந்த மாடியில் குடியிருக்கும் உயர்திரு தில்லைநாதன் அவர்கள். ஒரு கிராம் பாரத்தையும் தொடாமல் பாரம் தூக்கும் கலையின் உச்சிக்கு ஏறிய ஒரே தமிழர்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மற்றவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் குசினி யன்னல் ஸ்டேசனுக்குப் போகும் பாதையைப் பார்த்தபடி இருக்கிறது. அது கட்டியவனின் பிழை. படியால் யார் ஏறி இறங்கினாலும் என் கதவுக்கு உள்ளே கேட்கிறது. அது கதவின் பிழை. கீழே, நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. அங்கே ஃபிரவ் கெர்பர் என்ற சுவிஸ் மனுசி ஒவ்வொரு முறையும் இந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற எல்லாரைப் பற்றியும் விலாவாரியாகக் கதைப்பார். விளங்காமல் தலையாட்டிக்கொண்டு நின்றால் அது அவருக்குச் செய்கிற அவமரியாதை. அந்த ஒரே காரணத்துக்காக நான் டொச் என்கிற ஜேர்மன் பாஷையைப் படித்தேன். படித்ததை வெளியே சொல்லவில்லை. பாஷை தெரியாதவள் என்று நினைத்தால் சனம் முன்னால் நின்று மனம் விட்டுக் கதைக்கும். மற்றவர் மனதைத் திறக்க உதவுவதும் ஒரு தொண்டுதானே.

தில்லைநாதன் அண்ணை யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். எங்களுக்கெல்லாம் முந்தி வந்து, எங்களுக்கெல்லாம் முந்தி டொச் படித்தவர். அவர் வாயைத் திறக்காவிட்டால் எங்களில் பாதிப்பேருக்கு என்ன வருத்தம் என்று டொக்டருக்குத் தெரியாது. மற்றப் பாதிப்பேர் ஏன் நாட்டை விட்டு வந்தார்கள் என்று அகதி விண்ணப்பம் பார்க்கிற அசூல் கந்தோருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவரை ‘லிமாற் பள்ளத்தாக்குத் தமிழர் நலன்புரி, பண்பாட்டு, விளையாட்டு மேம்பாட்டுக் கழக’த்துக்குத் தலைவராகப் போடாமல் வேறு யாரைப் போடுவது? கழகத்தில் நிர்வாகிகள் பலர். உறுப்பினர் என்று சொல்லத்தக்கவர் சிவபாதம் ஒருவர்தான்.

அண்ணை பாரம் தூக்காதது சோம்பலால் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது கொள்கை. சூரிச்சிலிருந்து அரிசி மூட்டை வரும் நாட்களில் அவர் முன்னால் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். அவருடைய மனைவி யோகாம்பாள் பின்னால் மூட்டையோடு ஏறுவார். ஒருநாள் என் வாசலில் மூச்சு வாங்கி நின்ற யோகாம்பாளிடம், "அண்ணை ஒரு கை பிடிக்கமாட்டாரோ?" என்று கேட்டேன்.

"அவரோ? தன்ர சாப்பாட்டுக் கோப்பையையே தூக்கமாட்டார் அக்கா. பிடரியிலை ஏதோ நரம்பாம். டொக்டருக்கும் விளங்கேல்லையாம்."

"அதை டொக்டருக்கு ஆர் மொழிபெயர்த்தது?"

"அவர்தான்."

இந்த நிலையில்தான் ஹெர் ஸ்டுக்கி எங்கள் வரலாற்றுக்குள் பிரவேசித்தார். கிழமை நாட்களில் காப்புறுதிக் கந்தோரில் கதிரையில் இருப்பவர். சனிக்கிழமைகளில் ஆற்றில் படகு விடுகிற சங்கம் ஒன்றை நடத்துபவர். அந்தப் படகுக்கு அவர்கள் வைத்த பேர் ‘கனடியர்’. கனடாவுக்குப் போக வெளிக்கிட்டு இங்கே இறக்கப்பட்ட எங்கள் ஆட்கள் பலருக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கியது.

சுவிஸ்காரரின் மேன்மையை இங்கே சொல்லத்தான் வேண்டும். மலை உச்சிவரை ரயில் விட்ட சாதி இது. வீட்டில் இரண்டாம் மாடிக்கும் லிப்டில் போகிற சாதி. ஆனால் சனிக்கிழமை வந்ததும், ஆற்றில் அணைக்கட்டு குறுக்கே நிற்கிற இடத்தில் படகைக் கரையில் இழுத்து, கவிழ்த்துத் தலையில் வைத்து, முதுகில் மூட்டையும் கட்டிக்கொண்டு, அணையைச் சுற்றிக் கால்நடையாகப் போய், மறுபடி ஆற்றில் இறக்குவார்கள். மனிதரைச் சுமக்கத்தான் படகு என்று நாங்கள் நினைத்திருந்தோம். நாகரிகம் முற்றினால் படகை மனிதர் சுமப்பார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதற்கென்று நுட்பங்கள், வகுப்புகள், இடுப்புப் பட்டிகள். பாரத்தைக் குறைக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைக் கூடப் பாதியாக வெட்டியிருந்தார் ஹெர் ஸ்டுக்கி. வெட்டிய பிரஷ்ஷை எங்களுக்குப் பக்தியோடு காட்டினார்.

அகதிகளையும் சுவிஸ்காரரையும் ‘ஒன்றிணைப்பதற்காக’ எங்களையும் ஒரு சனிக்கிழமை லிமாற் ஆற்றில் கூட்டிக்கொண்டு போவதாக அவர் அழைப்பு விடுத்தார். கழகம் அவசரக் கூட்டம் கூட்டியது. தேநீர் கொடுக்கப் போனவள் என்ற முறையில் நானும் கதவடியில் நின்றேன்.

"முதலிலை, திறப்பு விழா," என்றார் தலைவர். "குத்துவிளக்கு கொண்டு போகவேணும்."

"ஆத்துக்கோ அண்ணை?" என்று கேட்டார் யோகராஜா. யோகாம்பாளின் தம்பி, தலைவரின் மைத்துனர், கழகத்தின் படப்பிடிப்புச் செயலாளர். வந்த நாள் முதல் அக்கா வீட்டுச் சோபாவை விட்டு இறங்காமல் வேலை தேடிக்கொண்டிருப்பவர்.

"ஆறெண்டால் என்ன, கடலெண்டால் என்ன? விளக்கேத்தாமல் ஒரு தமிழ் நிகழ்ச்சி தொடங்கின சரித்திரம் இருக்கோ?"

சரித்திரம் இல்லை. குத்துவிளக்கு ஏகமனதாக நிறைவேறியது. அது கொழும்பிலிருந்து ஒருவர் மடியில் வைத்துக் கொண்டுவந்த வார்ப்புப் பித்தளை விளக்கு. பக்கத்தில் நின்றால் என் இடுப்பளவு வரும். அதன் பின்னால் ஆட்டிறைச்சிக் கறிக்கு அண்டா, அண்டாவுக்கு காஸ் அடுப்பு, பதாகை, பதாகைக்குத் தடிகள், ஹெர் ஸ்டுக்கிக்குப் போர்த்தப் பொன்னாடை என்று ஒவ்வொன்றாக நிறைவேறின. சுவிஸ்காரர் பிரஷ்ஷின் பிடியை வெட்டிக்கொண்டிருக்க, நாங்கள் அண்டாவுக்கு மூடி தேடினோம். பண்பாடு என்றால் பாரம் இருக்கத்தான் செய்யும்.

"இதையெல்லாம் ஆர் காவிறது?" என்று பொருளாளர் கேட்டார்.

எல்லாருடைய பார்வையும் ஒரு மூலைக்குத் திரும்பியது. அங்கே சிவபாதம் கதிரை இல்லாமல் சுவரோடு சாய்ந்து நின்றார்.

சிவபாதத்தைப் பற்றி ஒரு சொல். மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தட்டில், ஒரே அறையில் பலரோடு, மாறி மாறிப் படுக்கிற மெத்தை ஒன்றில் குடியிருந்தார். வேலை செய்யக்கூடாது என்று அகதிகளுக்கு அரசாங்கம் வைத்திருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. சூரிச் ஹோட்டல் ஒன்றின் குசினியில், கோப்பை கழுவி, சூப் அண்டா தூக்குகிற வேலை சரிவந்திருந்தது. தங்க அறையும் தருவதாகப் பேச்சு. திங்கட்கிழமை காலையில் போய் நிற்க வேண்டும். "ஆளுக்கு முதுகு பலமாக இருக்க வேண்டும், முதல் நாள் சொல்வதை விளங்கப்படுத்த ஒருவர் கூட வர வேண்டும்," என்று தலைமைச் சமையற்காரர் சொல்லியிருந்தாராம். இந்த வேலை கிடைத்தால்தான் மனைவி அழகிப்பிள்ளையையும் பிள்ளையையும் ஊரிலிருந்து கிளப்பிக் கொழும்பிலாவது கொண்டுவந்து வைக்கலாம். சண்டை நடக்கிற ஊரில் அவர்களுக்கு ஒவ்வொரு கிழமையும் எப்படிப் போகிறது என்பதைச் சிவபாதம் யாரிடமும் சொல்லுவதில்லை. கடிதம் வருகிற நாளில் அவர் படியிறங்குகிற சத்தத்தில் எனக்குத் தெரியும்.

விளங்கப்படுத்தக் கூட வருவதாக ஒத்துக்கொண்டவர் தில்லைநாதன் அண்ணை. வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். ஹோட்டலின் பேரும் போன் நம்பரும் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தன.

"தம்பி சிவபாதம், உமக்கு ஏதும் ஆட்சேபணை?"

"இல்ல அண்ணன்."

அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

சனிக்கிழமை காலை ஆற்றங்கரையில் ஹெர் ஸ்டுக்கி சுமை தூக்கும் வகுப்பு எடுத்தார். தலைவர் மொழிபெயர்த்தார். வெங்காயம் உரிப்பதற்காக நானும் போயிருந்தேன். என் கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"ஒருவர் தன் உடம்பின் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது," என்றார் ஹெர் ஸ்டுக்கி டொச்சில்.

"நாலு பேற்றை பாரத்தை ஒராள் சுமக்கலாம் எண்டு சொல்லுறார்," என்றார் தலைவர் தமிழில். "எல்லாம் பழக்கமாம்."

"முழுவதையும் ஒரேயடியாகத் தூக்காதீர்கள். பாதியைக் கொண்டுபோய் வையுங்கள். வெறுங்கையோடு திரும்பி நடக்கும்போது முதுகு ஓய்வெடுக்கும். பிறகு மிச்சப் பாதி. இதில் வெட்கம் ஒன்றும் இல்லை."

"ரெண்டு தரம் நடக்கிறது வெக்கக்கேடாம்."

"பாரத்தை நிலத்திலிருந்து நேரே முதுகுக்கு இழுக்கக் கூடாது. முதலில் தொடையில் வைத்து, பிறகு தோளுக்கு. பக்கத்தில் இருப்பவர் தூக்கிவிட வேண்டும்."

"ஒராள் தூக்க, பக்கத்திலை ஒராள் மேற்பார்வை செய்யவேணுமாம்."

பின்பு ஹெர் ஸ்டுக்கி இடுப்புப் பட்டியைக் காட்டினார். பாரம் தோளில் அல்ல, இடுப்பெலும்பில் இறங்க வேண்டும் என்றார். அகலமான தோல் பட்டை ஒன்றையும் காட்டினார். அதன் இரண்டு நுனியும் மூட்டையில் கட்டியிருக்கும், நடுப்பகுதியை நெற்றிக்கு மேலே, உச்சிப் பக்கமாகக் கொடுத்து நடந்தால் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் பாரத்தைத் தாங்குமாம். கனடாவின் காடுகளில் அப்படித்தானாம். தலைவர் அந்தப் பட்டையை ஆசையோடு தடவிப் பார்த்தார். "உதொண்டை எனக்குத் தர ஏலுமோ?" என்று டொச்சில் கேட்டு, ஒன்றையும் ஓர் இடுப்புப் பட்டியையும் வாங்கி மடித்துப் பையில் வைத்தார். தொழிலில் எவ்வளவு ஈடுபாடு பாருங்கள்.

திறப்பு விழா இனிது நடந்தது. காற்றில் விளக்கு ஐந்து முறை அணைந்து, ஆறாம் முறை ஹெர் ஸ்டுக்கியின் தொப்பியை மறைப்பாகப் பிடித்து ஏற்றினோம். தலைவர் ‘சுமப்பதும் சுகமே’ என்ற தலைப்பில் உரையாற்றினார். சுவிஸ்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்; ஒருவர் மட்டும் நின்றபடி தூங்கினார். பிறகு படகுகள் புறப்பட்டன. விளக்கு இருந்த படகு மற்றப் படகுகளை விடத் தண்ணீருக்குள் ஆழமாக, கூடுதல் கம்பீரத்தோடு போனது.

முதல் அணைக்கட்டு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வந்தது. பாதை குறுகல், ஆனால் சமதரை. சிவபாதத்தின் முதுகில் பெரிய ருக்சாக் ஏறியது. அதற்குள் அண்டா, அண்டாவுக்குள் அடுப்பு, மேலே குறுக்காகக் குத்துவிளக்கு. பின்னாலிருந்து பார்த்தால் ஆள் தெரியவில்லை. ஒரு சிறு கோயில் இரண்டு காலில் நடந்துபோவது போல இருந்தது. யோகராஜா கமராவைக் காவினார். தலைவர் ஊன்றுதடி ஒன்றைக் காவினார். பொருளாளர் கவலையைக் காவினார்.

நான் மெதுவாகச் சிவபாதத்தின் பக்கமாகப் போனேன். "தம்பி, ரெண்டாய்ப் பிரிச்சுக் கொண்டுபோம். அந்த வெள்ளைக்காரர் அப்பிடித்தான் சொன்னவர்."

"அண்ணன் வேற மாதிரியெல்லோ சொன்னாரு?"

"அண்ணை சொன்னதை விடும். உம்மட முதுகு திங்கட்கிழமைக்கு வேணும்."

சிவபாதம் நின்று மூச்சு விட்டார். "அண்ணனும் திங்கக்கிழமைக்கு வேணும் அக்கே. இண்டைக்கு நான் குறைச்சுத் தூக்கினா, மறுகா அண்டைக்கு அவர் குறைச்சுக் கதைப்பார்."

ஹெர் ஸ்டுக்கியின் வகுப்பில் இல்லாத நுட்பம் அது. மட்டக்களப்பிலிருந்து வந்த பிள்ளை தானாகவே படித்திருந்தது.

இரண்டாம் அணைக்கட்டு வெட்டிங்கனில். பெரிய அணை. பாதை செங்குத்தாக இறங்கும், படிகள் ஈரம். ஹெர் ஸ்டுக்கி படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. நடுப்படியில் சிவபாதம் ஒரு காலை இறக்கி, மற்றக் காலை இறக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது யோகராஜா கீழே நின்று கத்தினார்.

"அத்தான்! அப்பிடியே பாரத்திலை ஒரு கையை வையுங்கோ! மலருக்குப் போட ஒரு படம் வேணும்!"

மலர் என்றது கழகத்தின் ஆண்டு மலரை. தலைவர் உடனே ஊன்றுதடியை எறிந்துவிட்டு, தலைமயிரைச் சரிசெய்து, குத்துவிளக்கின் தண்டில் ஒரு கையை வைத்தார். படம் தெளிவாக விழவில்லையோ என்று மற்றக் கையையும் வைத்தார். பிறகு, சுமையின் கடுமை முகத்தில் தெரிய வேண்டுமே, நன்றாகச் சாய்ந்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னும் கொஞ்சம் பாரமாய், அத்தான்!"

தலைவர் இன்னும் கொஞ்சம் பாரமாகச் சாய்ந்தார்.

சிவபாதம் மெல்ல முழங்காலில் இறங்கி, படியில் பக்கவாட்டாகச் சரிந்து, அப்படியே கிடந்தார். விளக்கு மட்டும் படிப்படியாக உருண்டு, ஒவ்வொரு படியிலும் மணி அடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

"விளக்கு! விளக்கைப் பிடியுங்கோ!" என்று தலைவர் பதறினார்.

நான் சிவபாதத்தின் பக்கத்தில் குந்தினேன். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்ன தம்பி?"

"இடுப்பு புடிச்சிட்டு அக்கே. எழும்ப ஏலாம கிடக்கு." பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "திங்கக்கிழமைக்கு எத்தினை நாள் கிடக்கு?"

அடுத்த நாளுக்கு அடுத்த நாள்தான் திங்கட்கிழமை. நான் ருக்சாக்கின் வாரைக் கழற்றினேன்.

ஹெர் ஸ்டுக்கி ஓடிவந்தார். நாலு சுவிஸ்காரர் சிவபாதத்தைத் துடுப்புகளில் சட்டைகளைக் கோத்துப் படுக்கை போலாக்கித் தூக்கினார்கள். ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. ஹெர் ஸ்டுக்கியின் காரில் டொக்டரிடம் போனோம். மொழிபெயர்க்கத் தலைவர் முன் ஆசனத்தில் ஏறினார். பின் ஆசனத்தில், சிவபாதத்தின் தலையை மடியில் பிடிக்க ஒருவர் வேண்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை.

டொக்டர் வயதான மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். எப்படி நடந்தது என்று கேட்டார்.

சிவபாதம் படுத்தபடி சொன்னார்: "படியில இறங்கக்குள்ள அண்ணன் மேல சாய்ஞ்சிட்டார் டொக்டர். படம் புடிக்க. அதுக்கு முதல் எனக்கு ஒரு நோவும் இல்ல."

தலைவர் தொண்டையைச் செருமினார். கழகத்தின் மானம், ஹெர் ஸ்டுக்கியின் நட்பு, ஆண்டு மலரின் அட்டைப்படம் எல்லாம் அவருடைய தோளில்தான். டொச்சில் தெளிவாகச் சொன்னார்: இவருக்கு இது பழைய வருத்தம். சிறு வயதில் ஊரில் தென்னையால் விழுந்தவர். அன்று தொட்டு அடிக்கடி இப்படிப் பிடிக்கும். இன்று தானாகவே வந்தது.

டொக்டர் தலையாட்டினார். அப்படியானால் இது நாட்பட்ட முதுகு. இனிமேல் பாரம் தூக்கும் வேலைக்கு இவர் லாயக்கில்லை என்று எழுதித் தருகிறேன், வேலை கொடுப்பவரிடம் காட்டுங்கள் என்றார். பேனாவை எடுத்தார்.

"என்ன சொல்றார் அண்ணன்?" என்று கேட்டார் சிவபாதம்.

"சுகம் வந்திடும் எண்டு சொல்லுறார் தம்பி. கவலைப்படாதையும்."

எனக்கு மற்றவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"நை, ஹெர் டொக்டர்," என்றேன். ‘நை’ என்றால் இல்லை.

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹெர் ஸ்டுக்கியும் பார்த்தார். நான் தொடர்ந்தேன். என் டொச் உடுப்புத் தோய்க்கும் அறையில் பிறந்த டொச். ‘சாய்ந்தார்’ என்பதற்கு எனக்குச் சொல் தெரியாது. ‘பிழிந்தார்’ என்பதற்குத் தெரியும். ஆகவே, "இந்த மனுசன் அந்த மனுசனைப் படியிலே வைத்துப் பிழிந்தார், இரண்டு கையாலும்," என்று சொல்லி, எப்படி என்று கையால் முறுக்கியும் காட்டினேன். "தென்னை மரம் இல்லை. பழைய கறை இல்லை. புதுக் கறை. இன்றைக்குப் பட்டது."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிவபாதத்தின் முதுகை மறுபடி, இந்த முறை நிறைய நேரம், அழுத்திப் பார்த்தார். எலும்பில் பிழையில்லை, தசை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். ஒரு கிழமை அசையாமல் படுத்தால் பிறகு எந்த வேலையும் செய்யலாம். ஹோட்டலுக்கு யாராவது போன் எடுத்து ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கள்; நல்ல ஆளுக்கு ஒரு கிழமை பொறுப்பார்கள் என்றார். நானே அதைச் சிவபாதத்துக்குத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு டொச் தெரியுமோ?"

"கொஞ்சம், அண்ணை. ஊத்தை எடுக்கிற அளவுக்கு."

அவர் சிரிக்கவில்லை. சற்று யோசித்தார். பிறகு சிவபாதத்திடம் குனிந்து, இதுவரை யாரும் அவர் வாயால் கேட்டிராத வசனத்தைச் சொன்னார்.

"ஹோட்டல் விஷயத்தை என்னட்டை விடும் தம்பி. அந்தச் சுமையை நான் தூக்கிறன்."

எனக்கு மெய் சிலிர்த்தது. நானே போன் எடுத்திருக்கலாம்தான். ஆனால் நம்பர் அவருடைய பையில். அதோடு என் டொச் ஆளை நேரில் கண்டால்தான் ஓடும்; போனில் பிழிந்து காட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் விசாரணைக் குழு கூடியது. விபத்துக்குக் காரணம் ‘சுமப்பவர் உரிய நுட்பத்தைப் பின்பற்றாமை’ என்று கண்டது. விளக்கில் ஏற்பட்ட நெளிவுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தது. இடுக்கண் வேளையில் தலைமை தாங்கிய தலைவருக்கு நன்றி தெரிவித்தது. ஹெர் ஸ்டுக்கிக்குப் போர்த்தாமல் மிஞ்சிப்போன பொன்னாடை வீணாகக் கூடாது என்று அதைத் தலைவருக்கே போர்த்தியது. மலரின் அட்டைக்கு அந்தப் படமே தெரிவானது: தலைவர் முகம் சுளித்து இரண்டு கையாலும் பாரத்தைத் தாங்குகிறார், கீழே சிவபாதத்தின் ஒரு காலின் சப்பாத்து மட்டும் தெரிகிறது. ‘மக்களின் சுமையில் பங்கேற்கும் தலைவர்’ என்று அதற்குப் பேர் வைத்தார்கள்.

சிவபாதத்தை என் முன்னறையில் தரையில் மெத்தை போட்டுக் கிடத்தியிருந்தேன். கீழறையில் மாறி மாறிப் படுக்கிற மெத்தையில் ஒரு கிழமை யார் படுக்க விடுவார்கள்?

திங்கட்கிழமை விடிந்தது. நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றேன். யன்னல் திறந்திருந்தது, நான் திறக்கவில்லை, மூடவில்லை, அவ்வளவுதான். படியில் காலடிச் சத்தம். மூன்றாம் மாடிச் சத்தம். ஆனால் என்றுமில்லாத மாதிரி நிறுத்தி நிறுத்தி, அழுத்தமாக.

வாசலால் முதலில் யோகராஜா வெளியே வந்தார். புதுச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, இரண்டு கையும் வெறுமை. சட்டை கசங்கக் கூடாதே. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி வந்தது. பெட்டிக்குக் கீழே தில்லைநாதன் அண்ணை.

நான் அடுப்பை அணைத்துவிட்டேன். இப்படி ஒரு காட்சியைக் கொதிக்கிற தண்ணீரோடு பார்க்கக் கூடாது.

ஹெர் ஸ்டுக்கி இருந்திருந்தால் அழுதிருப்பார். தோல் பட்டை நெற்றிக்கு மேலே, சரியாக உச்சியோரமாக இருந்தது. இடுப்புப் பட்டி இறுக்கம்; தோள் தளர்வு. முதுகு நூல் பிடித்த மாதிரி நேர். அடி சிறிது, பாதம் முழுதாய்த் தரையில். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் பெட்டியை இறக்கி மூச்சு விட்டார். மறுபடி எடுக்கும்போது முதலில் தொடையில் வைத்தார், பிறகு தோளுக்குக் கொண்டுபோனார். பிடரி நரம்பு ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பில் சொன்னதில் ஒன்றையும் அந்த மனுசன் தவறாக விளங்கியிருக்கவில்லை.

"ஆரு அக்கே, இந்த நேரம் ஸ்டேசனுக்குப் போறது?" என்று முன்னறையிலிருந்து சிவபாதம் கேட்டார்.

"தில்லைநாதன் அண்ணை."

"ஹோட்டலுக்குப் போன் எடுக்கவோ?"

"இல்லைத் தம்பி," என்றேன். "போனிலை சொன்னால் வடிவாய் விளங்காது எண்டு நேரிலையே போறார்."

"நல்ல மனுசன்," என்றார் சிவபாதம்.

அதை நான் மறுக்கவில்லை. இத்தனை காலமும் அவரைப் பற்றித் தவறாக நினைத்திருந்தவள் நான். அவருக்குச் சுமை தூக்க வராது என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தச் சொல்லை இதன் மூலம் பகிரங்கமாக வாபஸ் வாங்குகிறேன். அண்ணை அருமையாகத் தூக்குவார். அன்று காலை ஸ்டேசன் மேடு வரைக்கும் தனியாகவே தூக்கிக்கொண்டு போனார்: பெட்டி யோகராஜாவுடையது, வேலை சிவபாதத்துடையது.